கிரீன்லாந்தில் அமெரிக்கத் தளம் எப்படி வந்தது? தூலேயின் முழுக்கதை

கேள்வி: கிரீன்லாந்தை வாங்க வேண்டும் என்று அமெரிக்க அதிபர் பேசுகிறார். ஆனால் அங்கே அமெரிக்காவுக்கு ஏற்கெனவே ஒரு ராணுவத் தளம் இருக்கிறதாமே? அது எப்படி அங்கே வந்தது? டென்மார்க் எப்படி அனுமதித்தது?

இருக்கிறது. இன்றைய பெயர் பிட்டுஃபிக் விண்வெளித் தளம். 2023 ஏப்ரல் வரை தூலே விமானத் தளம் என்று அழைக்கப்பட்டது. கிரீன்லாந்தின் வடமேற்குக் கரையில், ஆர்க்டிக் வட்டத்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே இருக்கிறது. அங்கிருந்து வடதுருவம் சுமார் 1,500 கிலோமீட்டர். நவம்பரில் மறைகிற சூரியன் பிப்ரவரியில்தான் மறுபடி தலைகாட்டும். 1972 மார்ச்சில் இங்கே மணிக்கு 333 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியதாகப் பதிவாகியிருக்கிறது.

டென்மார்க் எப்படி அனுமதித்தது என்பதுதான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய விஷயம். ஒரு முறை, அனுமதி தர அதிகாரமே இல்லாத ஒருவர் கையெழுத்துப் போட்டார். இன்னொரு முறை அரசே முறைப்படி ஒப்பந்தம் செய்தது. மூன்றாவது முறை ஒரு பிரதமர் ரகசியமாகக் கண்டும் காணாமல் இருந்தார். மூன்று முறையும் அந்த மண்ணில் வாழ்ந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. இந்தத் தளத்தைப் பற்றி வருகிற பெரும்பாலான கட்டுரைகள் ஏவுகணை, ரேடார் என்று பேசிவிட்டு அந்த மக்களை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அதனால் அவர்களிடமிருந்தே தொடங்குகிறேன்.

அவர்கள் இனுகுவிட் மக்கள். உலகின் வடகோடியில் வாழும் சமூகங்களில் ஒன்று. சீல், வால்ரஸ், நார்வால் திமிங்கலம், துருவக் கரடி, நரி ஆகியவற்றை வேட்டையாடி வாழ்ந்தவர்கள். 1818இல் ஜான் ராஸின் பிரிட்டிஷ் கப்பல் வந்தபோதுதான் வெளியுலக ஆட்களை முதன்முதலாகச் சந்தித்தார்கள். அவர்கள் கத்திமுனைக்கும் ஈட்டிமுனைக்கும் இரும்பு எடுத்தது வானத்திலிருந்து விழுந்த விண்கற்களிலிருந்து. அந்தக் கற்களையும் 1890களில் அமெரிக்கப் பயணி ராபர்ட் பியரி கப்பலில் ஏற்றி நியூயார்க்குக்குக் கொண்டுபோய்விட்டார். முப்பது டன்னுக்கு மேல் எடையுள்ள பெரிய கல் இன்றும் அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பியரி இந்தப் பகுதியில் சுற்றித் திரிந்ததால் வடகிரீன்லாந்து தங்களுடையது என்று அமெரிக்கா வாதாட இடம் இருந்தது. 1916இல் அது முடிவுக்கு வந்தது. கரீபியனில் டென்மார்க்குக்குச் சொந்தமாக இருந்த தீவுகளை (இன்றைய அமெரிக்க வெர்ஜின் தீவுகள்) 2.5 கோடி டாலருக்கு வாங்கியபோது, கிரீன்லாந்து முழுவதிலும் டென்மார்க் தன் உரிமையை விரித்துக்கொள்வதில் ஆட்சேபம் இல்லை என்று அமெரிக்கா எழுதிக் கொடுத்தது. அதற்குள் டென்மார்க் பயணிகளான நுட் ராஸ்முசனும் பீட்டர் ஃப்ராய்கனும் 1910இல் அங்கே ஒரு வணிக நிலையம் தொடங்கியிருந்தார்கள். அதற்கு வைத்த பெயர்தான் தூலே. மேசை போலத் தட்டையான உச்சி கொண்ட டண்டாஸ் மலையின் அடிவாரத்தில், நார்த் ஸ்டார் விரிகுடாவின் கரையில், அதைச் சுற்றி ஊர் வளர்ந்தது.

இப்போது முதல் கையெழுத்துக்கு வருவோம். 1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மனி டென்மார்க்கைப் பிடித்தது. சரியாக ஓராண்டு கழித்து, 1941 ஏப்ரல் 9 அன்று, வாஷிங்டனில் இருந்த டென்மார்க் தூதர் ஹென்ரிக் காஃப்மன் கிரீன்லாந்தில் தளங்கள் அமைக்க அமெரிக்காவுக்கு உரிமை தரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். கோபன்ஹேகனைக் கேட்கவில்லை. ஜெர்மானியரின் பிடியில் இருக்கும் அரசின் சொல்லுக்குத் தான் கட்டுப்பட வேண்டியதில்லை என்பது அவர் நிலைப்பாடு. அரசு அவரைப் பதவி நீக்கம் செய்து தேசத்துரோக வழக்கும் போட்டது. அமெரிக்கா அவரைத் தூதராகவே தொடர்ந்து நடத்தியது. போர் முடிந்ததும் டென்மார்க் நாடாளுமன்றம் அவர் செய்ததை ஏற்றுக்கொண்டது. அந்தப் போரில் கிரீன்லாந்துக்கு மதிப்பு இருந்தது: அலுமினியம் தயாரிக்கத் தேவைப்படும் கிரையோலைட் தாது இவிட்டூட் சுரங்கத்தில் கிடைத்தது, ஐரோப்பாவின் வானிலையை முன்கூட்டியே கணிக்கக் கிழக்குக் கரையில் ஜெர்மானியர்களும் ரகசிய வானிலை நிலையங்களை வைக்க முயன்றார்கள்.

போர் முடிந்தால் அமெரிக்கா கிளம்பிவிடும் என்று டென்மார்க் நினைத்தது. 1946இல் அமெரிக்கா 10 கோடி டாலர் மதிப்புள்ள தங்கம் தருகிறோம், தீவை விற்றுவிடுங்கள் என்று கேட்டது. இன்று நாம் கேட்கும் பேச்சு புதிதல்ல. டென்மார்க் மறுத்தது. பிறகு நேட்டோ உருவாகி, இரு நாடுகளும் அதில் உறுப்பினர்களாகி, 1951 ஏப்ரல் 27 அன்று பாதுகாப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. இதுதான் இன்றுவரை நடப்பில் இருக்கும் ஒப்பந்தம். டென்மார்க்கின் இறையாண்மை அப்படியே இருக்கும். குறிப்பிட்ட பாதுகாப்புப் பகுதிகளுக்குள் அமெரிக்கா வாடகை இல்லாமல் தளம் கட்டலாம், ஆட்களையும் விமானங்களையும் கொண்டுவரலாம். நேட்டோ இருக்கும்வரை ஒப்பந்தமும் இருக்கும். காலக்கெடு தேதி எதுவும் கிடையாது.

ஏன் இவ்வளவு வடக்கே? தட்டையான உலக வரைபடத்தில் பார்த்தால் புரியாது. உருண்டையைக் கையில் எடுத்து மேலிருந்து பாருங்கள். வட அமெரிக்காவிலிருந்து சோவியத் நாட்டுக்குக் குறுக்கு வழி வடதுருவத்தை ஒட்டித்தான் போகிறது. தூலே ஏறக்குறைய நியூயார்க்குக்கும் மாஸ்கோவுக்கும் நடுவில் இருக்கிறது. அன்றைய பி-47 குண்டுவீச்சு விமானங்களால் இடையில் எரிபொருள் நிரப்பாமல் போய்த் திரும்ப முடியாது. கடலை ஒட்டிய அகலமான சமவெளிப் பள்ளத்தாக்கும், கோடையில் கப்பல் வரக்கூடிய துறையும் ஒரே இடத்தில் அவ்வளவு வடக்கே கிடைப்பது அரிது.

கட்டுமானம் ‘புளூ ஜே’ என்ற ரகசியப் பெயரில் நடந்தது. 1951 கோடையில் வெர்ஜீனியாவின் நார்ஃபோக்கிலிருந்து சுமார் 120 கப்பல்களில் 12,000 பேரும் 3 லட்சம் டன் சரக்கும் வந்து இறங்கின. கடல் உறைவதற்குள் முடிக்க வேண்டும். சூரியன் மறையாத மாதங்கள் என்பதால் இரவு பகல் பாராமல் வேலை நடந்தது. அந்தக் கோடையில் ஜான் மலோரி என்ற பிரெஞ்சு ஆய்வாளர், இனுகுவிட் நண்பர்களுடன் பல மாதங்கள் நாய்வண்டியில் சுற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். யாருமில்லாத பள்ளத்தாக்கு என்று தனக்குத் தெரிந்த இடத்தில் கூடாரங்களும் லாரிகளும் இயந்திரங்களும் நிறைந்த ஒரு நகரம் எழுந்து நிற்பதை அவர் கண்டார். உலகத்துக்கு அந்தச் செய்தி அறிவிக்கப்பட்டது 1952 செப்டம்பரில்தான்.

பொறியியல் ரீதியாக இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். அங்கே தரைக்கடியில் மண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும். உறைந்திருக்கும்வரை கான்கிரீட் போல உறுதி, உருகினால் சேறு. கட்டடத்துக்குள் ஆட்கள் குளிர் காய வேண்டும், அந்தச் சூடு கீழே இறங்கினால் கட்டடமே புதையும். அதனால் குடியிருப்புகளைத் தரையில் உட்கார வைக்காமல், அடியில் காற்று போக இடம் விட்டுத் தூக்கிக் கட்டினார்கள். சுவர்கள் குளிர்பதனக் கிடங்கின் கதவுகளைப் போன்ற பலகைகள்; அங்கே குளிரை உள்ளே வைக்கும் பலகை இங்கே குளிரை வெளியே நிறுத்தியது. விமானக் கொட்டகையை அப்படித் தூக்கிக் கட்ட முடியாது, எடை தாங்காது. அதன் தளத்துக்கு அடியில் குழாய்களைப் பதித்தார்கள். குளிர்காலத்தில் திறந்துவிட்டால் உறைகாற்று உள்ளே ஓடி மண்ணை இறுக வைக்கும்; கோடையில் மூடிவிடுவார்கள். தண்ணீர், கழிவுநீர்க் குழாய்கள் எல்லாம் தரைக்கு மேலேயே ஓடின. 3 கிலோமீட்டர் நீள ஓடுபாதைக்கு வெள்ளைப் பூச்சு பூசினார்கள், வெயிலை உறிஞ்சி அடிமண்ணை இளக்கிவிடக் கூடாது என்பதற்காக.

இவ்வளவு நுணுக்கமாக மண்ணைக் காப்பாற்ற யோசித்தவர்கள், பக்கத்தில் இருந்த ஊரைப் பற்றி யோசித்தார்களா? கப்பல்களும் விமானங்களும் வந்து போகப் போக வேட்டை விலங்குகள் விலகின. நரி பிடித்த பள்ளத்தாக்கில் ஓடுபாதை வந்தது. 1953இல் விமான எதிர்ப்புப் பீரங்கிகளை டண்டாஸ் பக்கம் வைக்க வேண்டும் என்று அமெரிக்கா கேட்டது. அங்கேதான் ஊர் இருந்தது. மே மாதக் கடைசியில் ஊர் மக்களிடம், சில நாட்களுக்குள் காலி செய்யுங்கள் என்று டென்மார்க் அதிகாரி சொன்னார். 27 குடும்பங்கள், 116 பேர். வீட்டையும் தேவாலயத்தையும் இறந்தவர்களின் கல்லறைகளையும் விட்டுவிட்டு, நாய்வண்டிகளில் நூறு கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே கானாக் என்ற இடத்துக்குப் போனார்கள். அங்கே வீடுகள் தயாராக இல்லை. அந்தக் கோடை முழுவதும் கூடாரங்களில் கழித்தார்கள். இலையுதிர் காலத்தில்தான் வீடுகள் கிடைத்தன.

தேதியைக் கவனியுங்கள். 1953 ஜூன் 5 அன்று டென்மார்க்கின் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து கிரீன்லாந்து காலனி கிடையாது, நாட்டின் ஒரு பகுதி. அங்குள்ளவர்கள் முழுக் குடிமக்கள். குடிமகனை அவன் வீட்டிலிருந்து இப்படி எழுப்பி அனுப்புவது அவ்வளவு எளிதல்ல. அதற்குச் சில நாட்கள் முன்பு ஊர் காலியாகிவிட்டது. இதைத் தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. நல்ல வேட்டைக்களம் தேடி மக்களே விரும்பிப் போனார்கள் என்றுதான் டென்மார்க் அரசு பல பத்தாண்டுகள் சொல்லிவந்தது.

அப்புறம் தளத்தின் வேலை மாறியது. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் வந்தபின், குண்டுவீச்சு விமானங்களை இங்கே நிறுத்துவதைவிட, வருகிற ஏவுகணையை முன்கூட்டியே பார்ப்பது முக்கியமானது. அலாஸ்காவிலும் இங்கிலாந்திலும் ஒவ்வொன்று, தூலேயில் ஒன்று என மூன்று எச்சரிக்கை ரேடார் நிலையங்கள் திட்டமிடப்பட்டன. தூலேயினுடையதுதான் முதலில் இயங்கியது. சுமார் 120 மீட்டர் அகலம், 50 மீட்டர் உயரம் கொண்ட நான்கு பிரம்மாண்ட ஆன்டெனாக்கள். அவை தரும் முன்னெச்சரிக்கை ஏறத்தாழ 15 நிமிடம்.

இயங்கத் தொடங்கிய சில நாட்களிலேயே, 1960 அக்டோபர் 5 அன்று, பெரும் ஏவுகணைத் தாக்குதல் வருவதாக அது அறிவித்தது. கொலராடோவில் இருந்த வான் பாதுகாப்புத் தலைமையகத்தில் அன்று பொறுப்பில் இருந்தவர் கனடா விமானப்படை அதிகாரி ராய் ஸ்லெமன். சோவியத் தலைவர் குருஷேவ் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டார். நியூயார்க்கில், ஐக்கிய நாடுகள் சபைக் கூட்டத்தில் என்று பதில் வந்தது. தங்கள் தலைவர் அங்கே இருக்கும்போது சோவியத் அணுகுண்டு வீசாது என்று அவர் முடிவெடுத்தார். காரணம் பிறகு தெரிந்தது. நார்வேக்கு மேலே நிலா உதித்துக்கொண்டிருந்தது. ரேடார் அலை நிலாவில் பட்டுத் திரும்ப இரண்டரை விநாடி ஆகும். சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் பறக்கும் பொருளைத்தான் அந்தக் கணினி எதிர்பார்த்தது. அவ்வளவு தாமதமாக ஓர் எதிரொலி வரக்கூடும் என்று அதற்குச் சொல்லித் தந்திருக்கவில்லை.

ரேடார் வந்ததால் இன்னொரு பிரச்சினையும் வந்தது. தூலேயிலிருந்து தொடர்பு திடீரென்று அறுந்துபோனால் என்ன அர்த்தம்? கம்பி அறுந்ததா, சோவியத் குண்டு விழுந்து தளமே அழிந்ததா? அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல 1961இலிருந்து எந்நேரமும் ஒரு பி-52 குண்டுவீச்சு விமானம் தளத்துக்கு மேலே வட்டமடித்துக்கொண்டிருந்தது. அதன் வயிற்றில் நான்கு ஹைட்ரஜன் குண்டுகள்.

1968 ஜனவரி 21. நியூயார்க் மாநிலத்தின் பிளாட்ஸ்பர்க்கிலிருந்து வந்த விமானத்தில் ஏழு பேர் இருந்தார்கள். உட்கார வசதியாக இருக்கட்டும் என்று எடுத்துவந்த நுரைமெத்தைகளைக் கீழ்த்தளத்தில் ஓர் இருக்கைக்கு அடியில், வெப்பக்காற்று வரும் துவாரத்தின் அருகே வைத்திருந்தார்கள். உள்ளே குளிர் தாங்கவில்லை. சூட்டுக்காக எஞ்சினிலிருந்து வரும் காற்றைக் கூடுதலாகத் திறந்துவிட்டார்கள். அது சரியாகக் குளிர்விக்கப்படாமல் கொதிக்கக் கொதிக்க வந்தது. மெத்தை பற்றியது. தீயணைப்பான்கள் தீர்ந்தன, மின்சாரம் போனது, விமானி அறை முழுக்கப் புகை. தளத்தின் விளக்குகள் கீழே தெரிந்ததும் விமானத்தைக் கைவிட்டுக் குதித்தார்கள். ஆறு பேர் பிழைத்தார்கள். துணை விமானி அந்நேரம், ஆபத்தில் ஆளை வெளியே தூக்கி எறியும் வெளியேற்ற இருக்கையில் இல்லை. கீழ்க்கதவு வழியாகக் குதிக்க முயன்று தலையில் அடிபட்டு இறந்தார். ஆளில்லாத விமானம் தளத்தைத் தாண்டிப் போய், திரும்பி, மேற்கே சுமார் 12 கிலோமீட்டரில் உறைந்த கடல்மேல் விழுந்தது.

குண்டுகளில் இருந்த சாதாரண வெடிமருந்து வெடித்தது. அணுவெடிப்பு நடக்கவில்லை. ஆனால் கதிரியக்கம் கொண்ட புளூட்டோனியம் பனியின்மேல் சிதறிப் பரவியது. விழுந்த விமானிகளைத் தேடியதிலும், விபத்து நடந்த இடத்துக்கு வழிகாட்டியதிலும் நாய்வண்டி ஓட்டிய உள்ளூர்க்காரர்களின் பங்கு பெரியது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து கிளப்பப்பட்ட அதே சமூகத்தினர். இருட்டிலும் கடுங்குளிரிலும் அமெரிக்க வீரர்களும் டென்மார்க் தொழிலாளர்களும் மாதக்கணக்கில் மாசுபட்ட பனியைச் சுரண்டித் தொட்டிகளில் அடைத்தார்கள். அவை கப்பலில் அமெரிக்காவுக்குப் போயின. ஒரு முழு குண்டு கடலடியில் தொலைந்துவிட்டது என்று பிற்காலத்தில் செய்தி வந்தது. 2009இல் டென்மார்க் ஆய்வு நிறுவனம் ஒன்று ஆவணங்களை அலசி, முழு குண்டு எதுவும் மிஞ்சவில்லை, ஒரு குண்டின் பாகத்தைத்தான் தேடினார்கள் என்று முடிவுசெய்தது.

டென்மார்க்குக்கு இது வேறு விதத்தில் பேரிடி. தன் மண்ணில் சமாதானக் காலத்தில் அணு ஆயுதம் கூடாது என்பது 1957இலிருந்து அதன் அறிவிக்கப்பட்ட கொள்கை. விபத்து நடந்து இரண்டு நாளில் பொதுத்தேர்தல் வேறு. எங்களுக்குத் தெரியாது என்று அரசு மக்களிடம் சொன்னது. மூன்றாவது முறை என்று நான் சொன்ன விஷயம் இங்கேதான் வருகிறது, அதை வெளிக்கொண்டுவர 1995 வரை ஆனது. கொள்கை அறிவித்த அதே 1957இல், தூலேயில் அணு ஆயுதம் வைத்தால் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டுமா என்று அமெரிக்கத் தூதர், பிரதமர் எச்.சி. ஹான்சனிடம் கேட்டிருக்கிறார். அதைப் பற்றித் தனக்குச் சொல்ல எதுவும் இல்லை என்ற பொருளில் ஹான்சன் ஒரு ரகசியக் கடிதம் கொடுத்தார். வேண்டாம் என்று அதில் இல்லை. அமெரிக்கா அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே தளத்தில் குண்டுகள் வந்தன. அணுமுனை பொருத்திய நைக் ஹெர்குலிஸ் ஏவுகணைகள் 1965 வரை இருந்தன. அந்தக் கடிதம் வெளியான 1995இல்தான், விபத்துக் காலத்தில் அங்கே வேலைசெய்த சுமார் 1,700 தொழிலாளர்களுக்குத் தலைக்கு 50,000 குரோனர் (டென்மார்க் நாணயம்) கொடுத்தார்கள்.

எளிய நாடு பெரிய நாட்டை எதிர்க்க முடியாத நிலையில் இருந்தது என்று ஹான்சனுக்காக வாதாடுபவர்கள் உண்டு. அது ஓரளவு உண்மை. ஆனால் அந்தக் கடிதத்தின் விலையைக் கொடுத்தது மாசுபட்ட பனியை வாரிய தொழிலாளியும், அந்தக் கடலில் வால்ரஸ் பிடித்த வேட்டைக்காரரும்.

இனுகுவிட் மக்கள் விடவில்லை. ‘ஹிங்கிட்டாக் 53’ என்ற அமைப்பாகச் சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். 1999 ஆகஸ்டில் டென்மார்க் உயர் நீதிமன்றம், அது விருப்ப இடப்பெயர்வு அல்ல, கட்டாய வெளியேற்றம்தான் என்று தீர்ப்பளித்தது. பிரதமர் பவுல் நூரப் ராஸ்முசன் மன்னிப்புக் கேட்டார். ஆனால் 2.5 கோடி குரோனர் கேட்ட சமூகத்துக்குக் கிடைத்தது 5 லட்சம். அன்று வயது வந்தவர்களாக இருந்தவர்களுக்கு 25,000, சிறுவர்களுக்கு 15,000. திரும்பிப்போகும் உரிமை கிடைக்கவில்லை. 2003இல் உச்ச நீதிமன்றம் இதையே உறுதிசெய்தது; அதோடு, இவர்கள் தனிப் பழங்குடி மக்கள் அல்லர், கிரீன்லாந்து மக்களின் ஒரு பகுதியே என்றும் சொன்னது. எனக்கு அந்தத் தொகையைவிட இந்த வரிதான் அதிகம் உறுத்துகிறது. 2006இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் மனுவைத் தள்ளியது. 2003இல் டண்டாஸ் பகுதி மட்டும் தளத்தின் எல்லையிலிருந்து விடுவிக்கப்பட்டது.

இன்று தளம் சிறியது. பனிப்போரின் உச்சத்தில் ஆயிரக்கணக்கானோர் இருந்த இடத்தில் இப்போது அமெரிக்கப் படையினர் சுமார் 150 பேர்தான்; மற்றவர்கள் ஒப்பந்தப் பணியாளர்கள். பழைய ஆன்டெனாக்களுக்குப் பதிலாக நவீன ரேடார் வந்துவிட்டது. ஏவுகணைக் கண்காணிப்பும், துருவத்தைக் கடந்து போகும் செயற்கைக்கோள்களுடன் பேசுவதும்தான் முக்கிய வேலை. 2025 மார்ச்சில் துணை அதிபர் வான்ஸ் அங்கே போய் டென்மார்க்கைக் கடுமையாக விமர்சித்தார். அந்தக் கருத்துகள் தளத்தின் நிலைப்பாடு அல்ல என்ற பொருளில் ஊழியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிய தளபதி அடுத்த மாதமே பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார்.

ஆக, உங்கள் கேள்வியின் பின்னால் இருக்கும் சந்தேகத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பாதுகாப்புதான் காரணம் என்றால் தீவை வாங்கத் தேவையில்லை. 1951 ஒப்பந்தம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன்படியே கூடுதல் ஆட்களையும் கருவிகளையும் அமெரிக்கா கொண்டுவர முடியும். மாறியது ஒன்றுதான். 2004 ஆகஸ்டில் இகாலிகு என்ற ஊரில் ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். அமெரிக்காவின் சார்பில் காலின் பவலும் டென்மார்க்கின் சார்பில் பெர் ஸ்டிக் மொல்லரும் கையெழுத்திட்ட அந்தத் தாளில் மூன்றாவதாக கிரீன்லாந்து அரசின் சார்பில் யோசெஃப் மோட்ஸ்ஃபெல்ட் கையெழுத்திட்டார். குறிப்பிடத்தக்க எந்த மாற்றம் செய்வதானாலும் முன்கூட்டியே கிரீன்லாந்திடமும் கலந்து பேச வேண்டும் என்று அதில் இருக்கிறது.